கொள்ளைநோய்க் காலத்து மருத்துவ ஆராய்ச்சியிற் பெண்கள்

மக்கள் வரலாற்றிலே போர், பஞ்சம், கொள்ளைநோய் என்னும் மூன்றும் பெருஞ் சோதனைகளாக எண்ணப்படுவன. சோதனைக் காலத்திலேதான் ஒரு சமுதாயத்தின் உள்ளமைப்பு வெளிப்படும். கூரையிலுள்ள ஓட்டை கோடையில் தெரிவதில்லை. மாரி பிறந்தபோதே தெரிகின்றது. அமைதிக்காலத்தில் வழக்கம் என்னும் திரையால் மறைக்கப்பட்டிருக்கும் ஏற்றத்தாழ்வுகளும், நெருக்கடி வந்தவிடத்து அவ்வாறே புலனாகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11 ஆந் திகதி கொவிட்-19 என்னும் நோயை உலகப் பெருந்தொற்று என வருணித்தது. அவ்வாண்டிலே உலகமெங்குமுள்ள ஆய்வுகூடங்கள் முன்னொருபோதும் இல்லாத வேகத்தில் இயங்கின. நோய்க்குக் காரணமான வைரசின் பரம்பரையலகுத் தொடர் ஜனவரி மாதத்தில் வெளியிடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே மக்களுக்குத் தடுப்பூசி ஏற்றப்படலாயிற்று. மருத்துவ விஞ்ஞானத்தின் ஒப்பற்ற வெற்றிகளுள் இஃது ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வெற்றிக் காலத்திலே ஆராய்ச்சி செய்தவர் யார், செய்ய இயலாது நின்றவர் யார், அதனால் விடப்பட்ட வினாக்கள் எவை என்பனவும் வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய கேள்விகளாகும். அவற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூடியிருந்த வாயில்கள்

2020 இல் வெளிப்பட்ட நிலை ஒரே ஆண்டில் முளைத்ததன்று. அதன் வேர் ஆழமானது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எலிசபெத் பிளாக்வெல் அம்மையார் 1849 ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றபோது, அந்நாட்டில் அவ்வாறு பட்டம் பெற்ற முதற் பெண்மணியானார். பிரித்தானியாவிலே சோபியா ஜெக்ஸ்-பிளேக் அம்மையாரும் தோழியரும் 1869 இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவங் கற்க அனுமதி பெற்றனர். மறு ஆண்டு நவம்பர் மாதத்தில் அவர்கள் பரீட்சை எழுதச் சென்றபோது, மண்டபத்தின் வாயிலிலே திரண்டு நின்ற கூட்டம் அவர்கள்மீது சேற்றை வாரி வீசியது. கற்க அனுமதித்த பல்கலைக்கழகம் ஈற்றிற் பட்டம் வழங்க மறுத்தது. நீதிமன்றமும் 1873 இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அம்முதல் எழுவருக்கும் எடின்பரோப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கியது 2019 ஆம் ஆண்டிலாகும். கற்கப் புகுந்து 150 ஆண்டுகள் கழிந்த பின், அவருள் ஒருவரும் உயிரோடில்லாத காலத்தில் அப்பட்டம் வந்து சேர்ந்தது.

நெருக்கடிகள் சில வேளைகளிற் கதவைத் திறப்பதும் உண்டு. முதலாம் உலகப் போரில் ஆடவர் போர்முனைக்குச் சென்றமையால், இலண்டன் வைத்தியசாலைகளைச் சார்ந்த மருத்துவக் கல்லூரிகள் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டன. ஆனால், போர் முடிந்து ஆடவர் திரும்பியதும், 1920 களில் அவற்றுட் பல தம் கதவுகளை மீண்டும் அடைத்துக்கொண்டன. தேவை கருதித் திறக்கப்பட்ட கதவு, தேவை தீர்ந்ததும் சாத்தப்பட்டது. உரிமையென ஏற்கப்படாத வாய்ப்பு நிலைப்பதில்லை என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும். உலகப் புகழ் வாய்ந்த இலண்டன் றோயற் கழகம் பெண்களைத் தன் அங்கத்தவராகத் தேர்ந்ததும் 1945 ஆம் ஆண்டிலேதான்.

மூவர் வரலாறு

வாயில் திறந்தபின்னரும் உள்ளே நடத்தல் எளிதாயிருந்ததில்லை. தொற்றுநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்ட மூன்று பெண்களின் வரலாறு இதனைத் தெளிவாக்கும்.

முதலாமவர் இசபெல் மோர்கன் அம்மையார். பரம்பரையியல் ஆராய்ச்சிக்காக 1933 இல் நோபெற் பரிசு பெற்ற தோமஸ் ஹண்ட் மோர்கன் என்பாரின் மகளாகிய இவர், அமெரிக்காவிலே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இளம்பிள்ளைவாதத்தை ஆராய்ந்த குழுவில் 1944 முதற் பணியாற்றினார். கொல்லப்பட்ட வைரசினால் இந்நோய்க்கு எதிரான நிர்ப்பீடனம் உண்டாகாது என்பது அக்காலத்தில் அறிஞர் பலரது எண்ணம். மோர்கன் அம்மையார் போமலின் கொண்டு செயலிழக்கச் செய்யப்பட்ட வைரசைக் குரங்குகளுக்கு ஏற்றி, அவை நோயினின்றும் காக்கப்படுவதை நிறுவினார். 1949 இல் அவர் திருமணஞ் செய்துகொண்டு அவ்வாய்வை விட்டு நீங்கினார். அதே கொள்கையில் அமைந்த ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி 1955 இல் வெளிவந்து உலகப் புகழ் எய்தியது. அம்மையார் தொடர்ந்திருந்தால் அப்புகழ் யாரைச் சார்ந்திருக்கும் என ஊகிப்பது வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. ஆயினும், திருமணமும் ஆராய்ச்சியும் ஒருங்கே கொள்ளத்தக்கனவா என்னும் வினா அக்காலத்து ஆடவர் எவரிடமும் எழுப்பப்படவில்லை என்பதை மட்டும் கூறலாம். இளம்பிள்ளைவாதத்தை வென்ற விஞ்ஞானிகள் பதினைவருக்கு 1958 இல் அமெரிக்காவின் வாம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரிற் சிலை நிறுவப்பட்டது. அவருட் பெண் இவர் ஒருவரே.

இரண்டாமவர் ஜூன் அல்மெய்டா அம்மையார். 1930 இல் கிளாஸ்கோ நகரிலே பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு மகளாகப் பிறந்த இவர், பல்கலைக்கழகம் செல்ல வசதியின்றிப் பதினாறாவது வயதிற் பாடசாலையை விட்டு, வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளராக அமர்ந்தார். பின்னர்க் கனடாவின் ரொறன்ரோ நகரிலே இலத்திரன் நுணுக்குக்காட்டியைக் கையாள்வதில் அரிய திறமை பெற்றார். 1964 இல் இலண்டன் செயின்ட் தோமஸ் வைத்தியசாலை மருத்துவக் கல்லூரி அவரை அழைத்துக்கொண்டது. தடிமன் நோயை ஆராய்ந்த டேவிட் டிரெல் என்பார் அனுப்பிய மாதிரிகளிலே, சுற்றிவர ஒளிவட்டம் போன்ற அமைப்புடைய ஒரு வைரசை அவர் கண்டார். அதனையொத்த உருவங்களை முன்னரும் கண்டு அவர் எழுதிய கட்டுரை ஒன்று, அவை இன்புளுவென்சா வைரசின் தெளிவற்ற படங்களே எனக் கூறித் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. அவர் கண்டது சரியே என்பது பின்னர் விளங்கிற்று. முடியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அவ்வைரசுகளுக்குக் கொரோனா என்னும் பெயர் 1968 இல் வழங்கலாயிற்று. 2007 இல் அம்மையார் மறைந்தபோது அவர் பெயரை அறிந்தோர் சிலரே. 2020 இல் அவர் கண்ட குடும்பத்தைச் சேர்ந்த வைரசு ஒன்று உலகை முடக்கியபோதுதான் பத்திரிகைகள் அவரைத் தேடி எடுத்தன.

மூன்றாமவர் கத்தலின் கரிக்கோ அம்மையார். ஹங்கேரி நாட்டிலே இறைச்சி வெட்டுந் தொழில் செய்த ஒருவரின் மகளாக 1955 இற் பிறந்த இவர், 1985 இல் அமெரிக்கா சென்று, 1989 முதற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றினார். தூது ஆர்.என்.ஏ. என்னும் பதார்த்தத்தை மருத்துவத்திற் பயன்படுத்தலாம் என்பது அவருடைய நம்பிக்கை. அதனை ஏற்றுப் பொருளுதவி அளிக்க எவரும் முன்வரவில்லை. பொருளுதவி பெறாத ஆராய்ச்சியாளருக்குப் பதவி உயர்வும் இல்லை. 1995 இல் அவர் பதவியிற் றாழ்த்தப்பட்டார். குறைந்த ஊதியத்தோடு தொடர இசைந்தார். ட்ரூ வைஸ்மன் என்பாரோடு சேர்ந்து அவர் 2005 இல் வெளியிட்ட கண்டுபிடிப்பே, அப்பதார்த்தம் உடலிலே கடும் அழற்சியை உண்டாக்காதவாறு மாற்றும் வழியைக் காட்டியது. அக்கட்டுரையும் வெளிவந்த காலத்திற் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 2020 இன் இறுதியில் மக்களுக்கு ஏற்றப்பட்ட முதல் தடுப்பூசிகளுட் சில இக்கண்டுபிடிப்பின்மேல் எழுந்தவையே. 2023 இல் நோபெற் பரிசு இருவருக்கும் கிடைத்தது. அம்மையார் பட்ட இடர்களனைத்திற்கும் அவர் பெண்ணாயிருந்தமையே காரணம் எனக் கூறுதல் மிகையாகும். அவர் பற்றிய கொள்கையையே பலர் ஐயுற்றனர். எனினும், 1901 முதல் 2023 வரை மருத்துவத்துக்கான நோபெற் பரிசு பெற்ற 227 பேருட் பெண்கள் 13 பேரே என்னுங் கணக்கு, தனியொருவரின் ஊழ் என்று ஒதுக்கத்தக்கதன்று.

2020 ஆம் ஆண்டின் கணக்கு

இனி அந்த ஆண்டின் நிலையைக் காண்போம். உலகின் சுகாதாரத் துறை ஊழியருள் நூற்றுக்கு 70 பேர் வரையிற் பெண்கள் என உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. நோயாளியின் அருகில் நின்றோர் பெரும்பாலும் அவர்களே. ஆனால் நோயை எவ்வாறு எதிர்கொள்வது என ஆலோசித்த சபைகளின் நிலை வேறாயிருந்தது. 87 நாடுகளில் அமைக்கப்பட்ட 115 நிபுணர் குழுக்களையும் தீர்மானிக்கும் குழுக்களையும் 2020 இல் ஆராய்ந்தோர், அவற்றுள் நூற்றுக்கு 85 குழுக்களில் ஆடவரே பெரும்பான்மையினர் எனக் கண்டனர். இருபாலாரும் சமமாக இடம்பெற்ற குழுக்கள் நூற்றுக்கு 4 கூட இல்லை.

ஆராய்ச்சிக் கட்டுரைகளின் கணக்கும் இதனையே கூறுகின்றது. மருத்துவக் கட்டுரையொன்றிற் பலர் பெயர் இடம்பெறுவது வழக்கம். முதலிற் காணப்படும் பெயர், ஆய்வின் பெரும்பகுதியைச் செய்தவருடையது. அவர் பெரும்பாலும் இளையவர். இறுதியிற் காணப்படுவது ஆய்வுகூடத் தலைவருடையது. கொவிட்-19 பற்றிய 1,893 மருத்துவக் கட்டுரைகளை 2020 இல் ஆராய்ந்த ஓர் ஆய்வு, அவற்றின் முதலாசிரியருட் பெண்களின் பங்கு, அதே சஞ்சிகைகளில் 2019 இல் இருந்த பங்கினும் நூற்றுக்கு 19 குறைந்திருந்தது எனக் கண்டது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இக்குறைவு மிகுதியாயிருந்தது. ஒரு பெரும் பதிப்பகத்தின் 2,329 சஞ்சிகைகளை உள்ளடக்கிய மற்றோர் ஆய்வு 2021 இல் வெளிவந்தது. 2020 பெப்ரவரி முதல் மே வரை அனுப்பப்பட்ட கட்டுரைகளின் தொகை, முந்திய ஆண்டின் அதே மாதங்களிலும் நூற்றுக்கு 30 கூடியது. மருத்துவத் துறையில் நூற்றுக்கு 63 கூடியது. இவ்வெள்ளத்திலே பெண்கள் அனுப்பிய கட்டுரைகள் ஆடவருடையன அளவிற்குப் பெருகவில்லை. இளம் ஆராய்ச்சியாளரிடையே இவ்வேறுபாடு மிகத் தெளிவாகக் காணப்பட்டது.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. பெண்கள் எழுதுவதை நிறுத்திவிட்டனர் என இக்கணக்குகள் கூறவில்லை. யாவரும் முன்னோக்கி ஓடிய ஓட்டத்தில் ஒருசாரார் பின்தங்கினர் என்பதே அவற்றின் பொருள்.

காரணங்கள்

இதற்குக் காரணம் யாது? பெண்களின் அறிவாற்றல் ஓரிரு மாதங்களிற் குன்றிவிட்டது என எவருங் கூறார். மாறியது அவர்களுக்குக் கிடைத்த நேரமே. 2020 ஏப்ரல் மாதத்தளவில் உலகில் 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர் பாடசாலைக்குச் செல்ல இயலாது வீட்டிலிருந்தனர். பிள்ளை பராமரிப்பு நிலையங்களும் மூடப்பட்டன. பாட்டன் பாட்டியரிடம் பிள்ளையை விடுவதும் அவர்தம் உயிருக்கு ஆபத்தாகக் கருதப்பட்டது. சமையலும் பராமரிப்பும் பாடஞ் சொல்லிக்கொடுத்தலும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தன. அச்சுமையின் பெரும்பகுதி யார் தலையில் ஏறியது என்பதை நம் இல்லங்களை நினைத்தாலே அறியலாம்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமுள்ள 4,535 ஆராய்ச்சியாளரிடம் 2020 ஏப்ரலில் வினவி அறிந்த ஆய்வொன்று இதற்குச் சான்று. ஏனைய நிலைமைகள் ஒத்திருக்கையில், ஐந்து வயதிற்கு உட்பட்ட பிள்ளையுடையோர் ஆராய்ச்சிக்குச் செலவிட்ட நேரம் ஏனையோரிலும் நூற்றுக்கு 17 மிகுதியாகக் குறைந்தது. பெண்களுக்கு ஆடவரிலும் நூற்றுக்கு 5 மிகுதியாகக் குறைந்தது. இளம் ஆராய்ச்சியாளராயும் சிறு பிள்ளையின் தாயாயும் உள்ள ஒருவரின் நிலையை இவ்விரண்டையுஞ் சேர்த்தே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மற்றொரு காரணம், அவ்வாண்டின் ஆராய்ச்சி விரைவையே தகுதியாகக் கொண்டமையாகும். விண்ணப்பத்திற்குச் சில நாள். கட்டுரைக்குச் சில வாரம். இரவும் பகலும் தடையின்றி உழைக்கத்தக்கவரும், முன்னரே ஆய்வுகூடமும் உதவியாளரும் தொடர்புகளும் உடையவருமே அவ்வோட்டத்தில் முந்த முடியும். பேராசிரியர் பதவிகளில் ஆடவர் மிகுந்திருந்த நிலையில், அவசரம் பழைய ஏற்றத்தாழ்வை மேலும் உறுதிப்படுத்தியது. எவருந் தீங்கு கருதிச் செய்யாதபோதும் தீங்கு விளையும் வகை இதுவே.

விடப்பட்ட வினாக்கள்

இஃது ஆராய்ச்சியாளரது பதவி பற்றிய வழக்கு மட்டுமாயின், பொதுமக்கள் அதிற் கவலை கொள்ளவேண்டியதில்லை எனச் சிலர் கூறலாம். ஆனால் ஆராய்வோர் யார் என்பதைப் பொறுத்தே ஆராயப்படுவது எது என்பதும் அமையக் காண்கிறோம். கொவிட்-19 இற்கு ஆளான ஆடவர் பெண்களினும் மிகுதியாக இறந்தனர் என்பது தொடக்கத்திலேயே அறியப்பட்டது. அவ்வாறிருந்தும், பதிவு செய்யப்பட்ட 4,420 ஆய்வுத் திட்டங்களை நோக்கிய ஒரு குழு, அவற்றுள் நூற்றுக்கு 4 மட்டுமே பால் வேறுபாட்டைத் தம் பகுப்பாய்விற் கருதப்போவதாகக் கூறின எனக் கண்டது. ஆகவே, இக்குறையால் நட்டமடைந்தவர் பெண்கள் மட்டுமல்லர், ஆடவருமே.

தடுப்பூசியைப் பரீட்சித்த 2020 ஆம் ஆண்டின் பெரும் ஆய்வுகளிற் கருவுற்ற பெண்கள் சேர்க்கப்படவில்லை. தடுப்பூசி கைக்கு வந்தபோது, அவர்கள் அதனை ஏற்றலாமா எனக் கேட்டால் மருத்துவரிடம் நேரான சான்று மிகச் சிறிதே இருந்தது. கருவுற்றோரிடத்து இந்நோய் கடுமையாகும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஐயத்தாற் றயங்கி நின்ற தாய்மார் அந்த மௌனத்தின் விலையைக் கொடுத்தனர்.

அவ்வாறே, தடுப்பூசி ஏற்றிய பின் மாதவிலக்கு ஒழுங்கில் மாற்றம் ஏற்படுவதாக 2021 இற் பெண்கள் பலர் கூறினர். பரீட்சைகளில் இதுபற்றி வினவப்படாமையால், உண்டென்றோ இல்லையென்றோ எவராலும் கூற முடியவில்லை. அவ்விடைவெளியிலே பீதியும் பொய்ச் செய்தியும் புகுந்தன. 2022 ஜனவரியில், ஏறத்தாழ 4,000 பேரின் குறிப்புகளைக் கொண்டு வெளியான ஆய்வு, மாற்றம் உண்மையே. ஆயினும் சராசரியாக ஒரு நாளிலுங் குறைந்தது என நிறுவியது. பெண்களும் பொய் கூறவில்லை; அஞ்சுதற்கும் இடமில்லை. முதலிலேயே கேட்டிருந்தால் எளிதில் தீர்ந்திருக்கக்கூடிய வினா இது.

மறுப்பும் விடையும்

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். தடுப்பூசி ஆராய்ச்சியில் முன்னின்றோர் பெண்களல்லரோ? கரிக்கோ அம்மையாரோடு, ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்துச் சாரா கில்பேட், ஜேர்மனியின் ஓஸ்லெம் டுரெச்சி, அமெரிக்காவின் கிஸ்மெக்கியா கோபெற் ஆகியோர் பெயர்களை உலகம் அறியும். இலங்கையிலும் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை நீலிகா மலவிகே அவர்கள் வைரசின் திரிபுகளைக் கண்டறியும் பணியில் முன்னின்றார். இவர்கள் இருக்க, ஏற்றத்தாழ்வு எங்ஙனம் உண்டு?

ஒரு சிலர் மலையுச்சியை அடைந்தமையால் மலை தாழ்ந்துவிட்டது எனக் கொள்ளலாகாது. இவர்கள் சாதனை, பெண்களிடத்து ஆற்றல் இல்லை என்னும் பழைய கூற்றைப் பொய்யாக்குகின்றது. அவ்வாற்றல் உள்ளவிடத்தும் பங்கு குறைந்ததாயின், குறை அமைப்பின்பாலதே என்பதும் அதனாலேயே பெறப்படும்.

சில மாதத் தடங்கலைப் பெரிதுபடுத்தலாமா என்பது இன்னொரு மறுப்பு. பல்கலைக்கழகங்களில் நியமனமும் உயர்வும் பொருளுதவியும் கட்டுரைகளை எண்ணியே வழங்கப்படுகின்றன. இன்று எழுதப்படாத கட்டுரை நாளைய பொருளுதவியைத் தடுக்கும். பெறாத பொருளுதவி அடுத்த ஆய்வைத் தடுக்கும். விதைக்கும் பருவம் தவறிய வயலின் நட்டம் அந்த ஒரு வாரத்தோடு முடிவதில்லை என்பதை உழவர் மரபில் வந்த நாம் அறிவோம்.

பரிகாரம் உண்டா? உண்டு என்பதற்குக் கனடா நாடு சான்று பகர்கின்றது. அந்நாட்டின் சுகாதார ஆராய்ச்சிக்குப் பொருள் வழங்கும் அரச நிறுவனம், 2020 இன் தொடக்கத்தில் மிகக் குறுகிய தவணையோடு விண்ணப்பங் கோரியபோது, பெண்களின் விண்ணப்பங்கள் குறைந்திருக்கக் கண்டது. அடுத்த முறை தவணையை நீட்டியது. நிரப்பவேண்டிய பத்திரங்களைக் குறைத்தது. ஆய்வுகளிற் பால் வேறுபாட்டைக் கருத வேண்டும் என்பதையும் வற்புறுத்தியது. பெண்களின் விண்ணப்பங்களும் அவர்கள் பெற்ற உதவிகளும் உயர்ந்தன. தகுதியை அளக்கும் கோலை அந்நிறுவனம் தாழ்த்தவில்லை. நாட்களைக் கூட்டி, தாள்களைக் குறைத்தமையே போதியதாயிற்று. தொல்லை பெரிதாயினும் தீர்வு சிறிதாயிருத்தல் கூடும் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

முடிவுரை

எடின்பரோ மண்டபத்து வாயிலில் வீசப்பட்ட சேறு கண்ணுக்குப் புலனாயிற்று. அதனைக் கண்டு நாணியோரும் இருந்தனர். 2020 இல் எவரும் சேறு வீசவில்லை. எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கதவு திறந்தேயிருந்தது. உள்ளே செல்லவேண்டியவரின் கையிற் பிள்ளையும் அடுப்படியிற் பானையும் இருந்தன. சட்டத்தாற் கிடைக்கும் சமத்துவம் முதற்படியே. நேரத்தையும் சுமையையும் பங்கிடுவது அடுத்த படி. அப்பங்கீடு பல்கலைக்கழகத்திலன்றி இல்லத்திலேயே தொடங்குகின்றது.

இக்கல்லூரியிலிருந்து நாளை மருத்துவ பீடங்களிற் புகவிருக்கும் மாணவர் இதனைத் தம் உள்ளத்தில் இருத்துதல் நன்று. அவர்தம் வகுப்பில் அருகிலிருந்து கற்கப்போகும் மாணவியர், அவர்களுக்கு நிகராகவோ அவர்களை விஞ்சியோ பரீட்சையிற் சித்தியெய்துவர். பதினைந்து ஆண்டு கழிந்தபின், ஆய்வுகூடத்தில் அவருள் எத்தனை பேர் எஞ்சியிருப்பர் என்பது மாணவியரை மட்டும் பொறுத்ததன்று. உடன் கற்று, உடன் பணியாற்றி, உடன் வாழப்போகும் ஆடவரையும் பொறுத்தது. கொள்ளைநோய் மீண்டும் வரும். எந்த ஆண்டில் என்பதையே எவரும் அறியார். அந்நாளில் மனித குலத்திற்கு வேண்டிய ஒரு விடை, பாயிற் கிடக்கும் பிள்ளையை உறங்கவைத்துவிட்டு எழுத அமரும் ஒருத்தியின் குறிப்பேட்டிலே இருத்தல் கூடும். அவள் எழுதி முடிப்பதற்கு வேண்டிய நேரத்தை உண்டாக்கிக் கொடுப்பது நம் யாவர்க்கும் உரிய கடமையாகும்.